நோட்டின் கடைசிப் பக்கம்

மேண்டவில்லுக்கும் கிறிஸ்டியானாவுக்கும் நடுவே
ஒரு நாளைக்குப் பதினோரு நடை.
வெள்ளை டொயோட்டா, சிவப்பு நம்பர் பலகை.
பின்னிருக்கையில் மூவர் என்பது சட்டம்;
நால்வர் என்பது பெட்ரோல் விலை.
வசூலை எழுத ஒரு நீல நோட்டு.
பிப்ரவரியில் அதைத் தலைகீழாகத் திருப்பி
கடைசிப் பக்கத்திலிருந்து
வேறொரு கணக்கைத் தொடங்கினேன்.

ஒன்பதாம் தேதி.
ஷனெல் படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடினாள்.
நானூறு மீட்டர் ஓடுகிறவள். வயது பதினைந்து.
இருபத்தொன்று.
சீப்பில் முடி. பயப்படும் அளவுக்கு இல்லை.
பயப்படும் அளவு எவ்வளவு?
மார்ச் மூன்று.
விளையாட்டு விழா, நாளெல்லாம் வெயில்.
மூக்கின் மேல் ஏறி இரு கன்னத்திலும் இறங்கிய தடிப்பு.

சுகாதார நிலையச் சுவரொட்டியில்
அதே தடிப்பு ரோஜா நிறத்தில் இருந்தது,
யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தில்.
எங்கள் தோலில் சிவப்பு சிவப்பாக வராது.
பழுத்த ஸ்டார் ஆப்பிளின் தோல்போல்
கருநீலம் கலந்து வரும்.
நர்ஸிடம் இதைச் சொல்லத் தெரியாமல்
பழத்தையே வாங்கிக்கொண்டு போனேன்.
அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

முதல் டாக்டர் சிக்குன்குனியா என்றார்.
இரண்டாமவர், வளருகிற எலும்பு.
மூன்றாமவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார்.
பாஸ்டரின் மனைவி,
பெண்பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்றாள்;
அன்று அவளிடம் மட்டும் முழுக் கட்டணம் வாங்கினேன்.

வெர்லீன் ஒண்டாரியோவிலிருந்து அழைப்பாள்,
அடுத்தவர் தாயைத் தூங்கவைத்த பிறகு.
"முகத்தைக் காட்டச் சொல்."
காட்டினால், போன் கேமரா
மகளின் முகத்தை மெழுகிவிடும்.
"நன்றாகத்தானே இருக்கிறாள், எவரால்ட்?"
என்னிடம் பதில் இல்லை.
பதினெட்டாம் தேதி வாய்ப்புண் என்று மட்டும் படித்துக் காட்டினேன்.

கிங்ஸ்டனில் டாக்டர் சாங்-பென்னட்
நோட்டைக் கையில் வாங்கினார்.
தலைகீழாகப் பிடித்து முதலில் வசூலைப் படித்தார்,
பிறகு திருப்பினார்.
நெடுநேரம் படித்தார்.
நான்கு மாதத்தில் ஒருவர்
என் எழுத்தை முழுதாகப் படித்தது அதுதான் முதல் முறை.

லூபஸாக இருக்கலாம், என்றார்.
ஒரு ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ்.
பாசிட்டிவ் என்றால் ஆம் என்று அர்த்தமில்லையாம்.
சிறுநீரகம் பார்க்கவேண்டும், இன்னும் சில பார்க்கவேண்டும்,
ஆறு வாரம் கழித்து வாருங்கள்.

அந்தப் பெயருக்கு ஓநாய் என்று பொருளாம்.
இந்தத் தீவில் ஓநாய் கிடையாது.
கீரி உண்டு.
கரும்புக் காட்டில் எலி பிடிக்க
எப்போதோ யாரோ கப்பலில் கொண்டுவந்தது.
காவலுக்கு வந்தது, கோழிக்கூட்டுக்குள் நுழைந்தது.
உடம்பின் காவலே உடம்பைக் கடிக்கும் என்று
டாக்டர் விளக்கியபோது
எனக்கு அதன் வால்தான் தெரிந்தது,
சாலையைக் குறுக்கே கடக்கும் அந்தப் பழுப்பு வால்.

திரும்பும் வழியெல்லாம் ஷனெல் பேசவில்லை.
ஜன்னல் பக்கம் வெயில் வந்தபோதெல்லாம்
பாயைப் போல் துண்டை இழுத்து மாட்டினேன்.
மூன்றாம் முறை அவள்,
"அப்பா, எனக்குக் கை இருக்கிறது" என்றாள்.

மறுநாள் முதல் நடைக்கு முன்
நோட்டைத் திறந்தேன்.
என் வரிகளுக்குக் கீழே அவள் கையெழுத்து:

எவரால்ட், நாற்பத்து மூன்று.
மே ஆறு: இரவு மூன்று தடவை என் கதவைத் திறந்தார்.
மே ஏழு: சாப்பாட்டில் உப்பு இரண்டு முறை.
மே எட்டு: தூங்கவில்லை. கண் வீக்கம்.
காரணம் தெரியவில்லை.
ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம்.

கிறிஸ்டியானா, கிறிஸ்டியானா என்று கத்தினேன்.
இருவர் ஏறினார்கள்.
நால்வர் சேரும்வரை காத்திருக்கவில்லை.